ஒன்றா, இரண்டா

பகலெல்லாம் என் வேலை இதுதான்:
இருட்டறையில் ஒருவரை உட்காரவைத்து
கண்ணெதிரே ஒரு வில்லையைத் தள்ளி
"இது தெளிவா?" என்பேன்.
இன்னொன்றைத் தள்ளி, "இல்லை, இதுவா?"
ஔலு நகரத்தில் பாதிப்பேர்
அந்த நாற்காலியில் தயங்கியவர்கள்.
தயங்காமல் சொல்பவரை நான் நம்புவதில்லை.

மார்ச் மாதத்தில் ஒரே ஓர் இரவு
எனக்கே தயக்கம் கிடையாது.

அன்று நாங்கள் ஆறு பேர்
டைஸ்தோ வீட்டில் கூடுவோம்.
அவன் நகரப் பேருந்து ஓட்டுகிறான்.
இங்கேரி துறைமுகத்தில் மீன் நிறுப்பவள்,
எங்களில் அவளுக்குத்தான் கோபம் அதிகம்.
பட்டை மணக்கும் ரொட்டி, கடுங்காப்பி,
பத்தொன்பது வருடம் ஓடித் தேய்ந்த ஒளிநாடா.
ஹில்லா வூரெலா. வயது இருபத்து மூன்று.
சாம்பல் நீல உடை,
இடது தோளில் ஒரு தையல் விட்டிருக்கும்.
அது எங்களுக்கு மட்டும் தெரியும்.
நான்கு நிமிடம் யாரும் மெல்லக்கூட மாட்டோம்.

பின்னோக்கி வருகிறாள், நீண்ட வளைவில்,
பிளேடின் வெளி விளிம்பில்.
வளைவு ஒரு பக்கம் இழுக்கும்,
உடல் மறுபக்கம் சுழன்றாக வேண்டும்.
பொய் சொல்ல வசதியான இடம்.
கணுக்காலைச் சற்றே உள்ளே சாய்த்தால் போதும்,
தாவல் எளிதாகிவிடும்.
ஹில்லா சாய்க்கவில்லை.
அடுத்து வந்தவள் சாய்த்தாள்.
ஒன்பது நடுவர்கள், பதினெட்டுக் கண்கள்.
புள்ளி மூன்று ஒன்று வித்தியாசத்தில்
தங்கம் வேறு கழுத்துக்குப் போயிற்று.

"நிறுத்து, பின்னால் ஓட்டு" என்பான் டைஸ்தோ.
நான் எழுந்து திரையில் விரல் வைப்பேன்:
எட்டு டிகிரி. குருடனுக்கும் தெரியும்.
சம்மேளனத்துக்குப் பதினொரு கடிதம் எழுதினோம்.
ஒன்றுக்குப் பதில் வந்தது:
தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.

ஹில்லா எதுவும் சொல்லவில்லை, அன்றும், பிறகும்.
இப்போது உள்ளரங்கில்
பனித்தரையைச் சீராக்கும் வண்டி ஓட்டுகிறாள்.
மணிக்கொரு முறை வெளியே வந்து
அத்தனை பேரின் கீறல்களையும்
வெந்நீரால் மூடிவிட்டுப் போகிறாள்.
பக்கத்தில் போய்ப் பேச
எங்கள் ஆறு பேருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

இந்த ஜனவரியில் சிறுவர் போட்டி.
நடுவர் ஒருவருக்குக் காய்ச்சல்.
மூன்று வார இறுதிப் பயிற்சி முடித்த தகுதியில்
அந்த நாற்காலி எனக்கு வந்தது.

மஞ்சள் உடையில் ஒரு சிறுமி.
இரைச்சலான இசை, உதட்டைக் கடித்துக்கொண்டே ஆடினாள்.
தாவியபோது விளிம்பு கோடு போட்டதுபோல் நின்றது.
அவளுக்குப் பின் இன்னொருத்தி,
சாம்பல் நீலத்தில்.
இசை முடிந்த பிறகும் கையை இறக்க மறந்து நின்றாள்,
ஹில்லாவைப் போல, அச்சு அசலாக.
தாவும்போது அவள் கணுக்கால் உள்ளே சாய்ந்தது.
பார்த்தேன்.
எட்டு டிகிரியே இருக்கும்.
கண் பார்த்ததைக் கை எழுதவில்லை.

அரைப் புள்ளி.
அந்த அரைப் புள்ளியில்தான் வென்றாள்.

தாளைத் திருப்பிக் கேட்க எழுந்தபோது
வண்டி வெளியே வந்துவிட்டது.
மஞ்சள் சிறுமி தடுப்புக் கண்ணாடியில் மூக்கை அழுத்தி
ஈரமாய் மின்னும் வெற்றுத் தரையைப்
பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிரவு பன்னிரண்டாவது கடிதம் எழுதினேன்.
இந்த முறை புகார் என்மேல்.
டைஸ்தோவிடம் சொல்லவில்லை.
ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது:
தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.

நேற்று, கடை மூடும் நேரம்,
கையுறையைக் கழற்றியபடி ஹில்லா உள்ளே வந்தாள்.
"கிட்டத்தில் எழுத்து மங்குகிறது."
இருட்டறையில் உட்காரவைத்தேன்.
பத்தொன்பது வருடம் சேர்த்ததெல்லாம்
தொண்டையில் வந்து நின்றது.
வாயில் வந்ததோ வழக்கமான கேள்விதான்:
ஒன்றா, இரண்டா? எது தெளிவு?

அவள் வெகுநேரம் பார்த்தாள்.
"இன்னொரு முறை காட்டுங்கள்" என்றாள்.
காட்டினேன்.
"எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது."

அது சரியான பதில்தான்.
அந்தப் பதில் வந்தால் சோதனை முடிந்ததென்று பொருள்.
நான் மட்டும்
வில்லையை மாற்றி மாற்றி
இன்னும் கேட்டுக்கொண்டிருந்தேன்.